காமிக்ஸை ஆராய நான்கு வழிகள்: எது யாருக்குப் பொருந்தும்?

“காமிக்ஸ் பற்றி ஆய்வு செய்ய ஆசை. எந்த முறையில் செய்வது என்றுதான் தெரியவில்லை.” இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் இலக்கிய மாணவர்கள் உண்டு, ஓவியம் படித்தவர்கள் உண்டு, பத்து வயதிலிருந்து சேர்த்துவைத்த இதழ்களைப் பற்றி ஒருநாள் ஒழுங்காக எழுத வேண்டும் என்று நினைக்கும் தனி ஆர்வலர்களும் உண்டு. ‘காமிக்ஸ் ஒரு கலையா?’ என்ற பழைய வழக்கை இவர்கள் எல்லோரும் தாண்டி வந்துவிட்டார்கள். அடுத்த படியில்தான் கால் தடுமாறுகிறது. நான்கு புத்தகங்கள் படிக்கிறார்கள். நான்கும் நான்கு திசையில் இழுக்கின்றன.

இதில் மாணவரின் குற்றம் எதுவும் இல்லை. இந்தத் துறை வளர்ந்த விதம் அப்படி. பிரான்சில் ஃப்ரான்சிஸ் லாகஸான் சோர்போன் பல்கலைக்கழகத்தில் காமிக்ஸின் வரலாறும் அழகியலும் பற்றிப் பாடம் நடத்தத் தொடங்கியது 1971இல். அரை நூற்றாண்டு கடந்த பிறகும் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் காமிக்ஸுக்கென்று தனித் துறை கிடையாது. இலக்கியத் துறை அதை நாவல்போலப் படிக்கிறது, கலை வரலாற்றுத் துறை ஓவியமாகப் பார்க்கிறது, ஊடகத் துறைக்கு அது ஒரு சரக்கு, உளவியல் ஆய்வகத்துக்கு அது சோதனைப் பொருள். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கருவிகளோடு வந்து சேர்ந்த இடம் இது. ஆகவே முறையைத் தேர்ந்தெடுக்கும் சுமை ஆய்வாளரின் தலையில் விழுகிறது.

நான் ஒப்பிடப்போவது நான்கு வழிகளை: உருவ ஆய்வு, வரலாற்று ஆய்வு, சமூக ஆய்வு, வரைந்து அறியும் ஆய்வு. இலக்கியத் துறைகளில் மிகுதியாக நடக்கும் கருப்பொருள் ஆய்வை (நினைவு, போர், தன்வரலாறு, அடையாளம் என்று தலைப்பு வைத்துப் படிப்பதை) ஐந்தாவதாக நான் எண்ணவில்லை. நன்றாகச் செய்தால் அது உருவ ஆய்வாகவோ சமூக ஆய்வாகவோ மாறிவிடுகிறது. மோசமாகச் செய்தால் பேச்சுக் குமிழ்களில் உள்ள வசனத்தை மட்டும் படித்துவிட்டுப் படத்தைப் பார்க்காமலேயே முடிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட ஆய்வேடுகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். வரைந்த கோடுகளைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லாமல் இருநூறு பக்கம் ஓடும்.

## முதலில் அளவுகோல்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் கேள்வி. ‘இந்தப் பக்கம் என்னை எப்படிப் பிடித்து நிறுத்தியது?’ ‘இது எப்படி உருவானது?’ ‘இதை யார் படித்தார்கள், படித்ததால் என்ன நடந்தது?’ ‘இதைச் செய்யும்போது மூளையும் கையும் என்ன செய்கின்றன?’ நான்கும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றின் கருவியைக் கொண்டு இன்னொன்றுக்கு விடை காண முடியாது.

அடுத்தது கைக்கு எட்டும் பொருள். உங்களிடம் இருப்பது மூல இதழா, மறுபதிப்பா, ஸ்கேன் செய்த கோப்பா? ஓவியர் வரைந்த அசல் பலகையை ஒருமுறையாவது பார்க்க வாய்ப்பு உண்டா? பலர் கேள்வியை முடிவுசெய்துவிட்டு இரண்டாம் ஆண்டில் பொருளைத் தேடப் போகிறார்கள். அப்போது காலம் கடந்துவிடுகிறது.

மூன்றாவது, படங்களை அச்சிடும் அனுமதி. கவிதையை ஆராய்பவர் நான்கு வரியை எடுத்துக்காட்டிவிட்டுப் போகலாம். நமக்கு எடுத்துக்காட்டு என்பதே படம்தான். திறனாய்வுக்காகப் படத்தைப் பயன்படுத்தப் பல நாடுகளின் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் நூலாக வெளியிடும் பதிப்பகம் பெரும்பாலும் உரிமையாளரின் எழுத்துபூர்வமான அனுமதியைக் கேட்கும்.

பிறகு காலம், மதிப்பிடுபவர், உங்கள் கைவசம் உள்ள திறன். ஆறு மாதமா, நான்கு ஆண்டா? உங்கள் நெறியாளருக்கு எந்த மொழியில் பேசினால் புரியும்? உங்களுக்கு வரையத் தெரியுமா, புள்ளியியல் தெரியுமா, பிரெஞ்சோ ஜப்பானிய மொழியோ தெரியுமா?

நான்கு வழிகளையும் வெறும் பெயர்களாக வைத்துப் பேசுவதில் பயனில்லை. ஒரே கதையை நான்கிலும் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் 1955இல் ‘இம்பாக்ட்’ என்ற இதழின் முதல் எண்ணில் வந்த ‘மாஸ்டர் ரேஸ்’; எட்டே பக்கம். வரைந்தவர் பெர்னார்ட் க்ரிக்ஸ்டீன். நியூயார்க் சுரங்க ரயிலில் ஒருவர் கறுப்பு உடை அணிந்த ஒரு மனிதரைப் பார்த்துத் திடுக்கிடுகிறார். நாஜி முகாமின் நினைவுகள் வருகின்றன. தப்பி வந்த கைதி இவர் என்று நினைத்துப் படிக்கிறோம். கடைசியில்தான், அந்த முகாமை நடத்திய அதிகாரியே இவர் என்று தெரிகிறது. ஓடுகிறார், நடைமேடை விளிம்பிலிருந்து தடுமாறி ரயிலின் முன்னால் விழுகிறார்.

## உருவ ஆய்வு

உருவ ஆய்வு செய்பவருக்கு அந்தக் கடைசிப் பக்கமே போதும். விழுவதற்கு ஒரு நொடி ஆகலாம். அந்த நொடியை க்ரிக்ஸ்டீன் ஒடுங்கி நீண்ட கட்டங்களாக நறுக்குகிறார். கட்டம் ஒடுங்க ஒடுங்கக் கண் அடுத்ததற்கு விரைவாகத் தாவுகிறது. ஆனால் தாவ வேண்டிய கட்டங்கள் கூடிவிட்டதால் நேரம் நீள்கிறது. வேகமும் தாமதமும் ஒரே இடத்தில் நிகழ்கின்றன. பிறகு கடந்து போகும் ரயிலின் ஜன்னல்களில் அதே முகங்கள் அடுக்கடுக்காக மீண்டும் மீண்டும் தெரிகின்றன. அசையாத தாளில் ஓட்டம் பிறக்கிறது. இது எப்படி நடந்தது என்று கட்டம் கட்டமாகக் காட்டுவதுதான் உருவ ஆய்வு.

இதற்கான கருவிகள் பலமாகவே இருக்கின்றன. காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னர் 1985இல் தம் பாடங்களைத் தொகுத்துக் காமிக்ஸைத் ‘தொடர்க்கலை’ என்று விளக்கினார். 1993இல் ஸ்காட் மெக்ளவுட், காமிக்ஸ் வடிவிலேயே எழுதிய நூலில், ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும் தாவல்களை ஆறு வகையாகப் பிரித்தார். அவர் தரும் ஓர் எடுத்துக்காட்டு எல்லோருக்கும் நினைவில் நிற்கும்: ஒரு கட்டத்தில் ஓங்கிய கோடரி, அடுத்த கட்டத்தில் நகரத்தின் மேலே ஓர் அலறல். வெட்டியது யார்? இரண்டுக்கும் நடுவே இருந்த வெள்ளை இடைவெளியில் வாசகரே வெட்டிவிட்டார்.

தமிழ் யாப்பு படித்தவர்களுக்கு இது புதிதாகவே இராது. ‘மாமுன் நிரை, விளமுன் நேர்’ என்னும்போது நாம் ஒரு சீரைப் பற்றிப் பேசுவதில்லை. நின்ற சீரும் வரும் சீரும் சந்திக்கும் இடத்தைப் பற்றிப் பேசுகிறோம். வெண்பாவின் ஓசை அந்தத் தளையில் இருக்கிறது. காமிக்ஸின் ஓசையும் கட்டத்தில் இல்லை, கட்டங்களின் தளையில் இருக்கிறது. யாப்பைக் கற்றவர் உருவ ஆய்வுக்குள் பாதி தூரம் நடந்தே வந்துவிட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தப் பழக்கத்தை இவர்கள் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.

மெக்ளவுட் அடுத்தடுத்த இரண்டு கட்டங்களையே பார்த்தார். தியெரி க்ரோன்ஸ்தீன் 1999இல் பிரெஞ்சில் வெளியிட்டு, 2007இல் ஆங்கிலத்துக்கு வந்த நூல், பார்வையை நூல் முழுவதற்கும் விரித்தது. மூன்றாம் பக்கத்தில் வந்த ஒரு வட்டம் நாற்பதாம் பக்கத்தில் வேறொரு வட்டத்தைத் தொடும். இப்படித் தொலைவில் இருக்கும் கட்டங்கள் ஒன்றோடொன்று பேசுவதை அவர் பின்னல் என்கிறார். அந்தாதியில் முடிவும் முதலும் கைகோப்பதைக் கண்டவர்களுக்கு இதுவும் பிடிபடும்.

இன்னொரு கிளை ஆய்வகத்துக்குப் போகிறது. நீல் கோன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில் ‘பீனட்ஸ்’ என்ற நாளிதழ்ப் படக்கதையின் கட்டங்களை எடுத்து, சிலவற்றைச் சரியான வரிசையிலும் சிலவற்றைக் கலைத்தும் காட்டி, படிப்பவர்களின் மூளை அலைகளைப் பதிவுசெய்தார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோலப் படவரிசைக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது என்பது கோனின் வாதம். ஆர்வமூட்டும் பாதைதான். ஆனால் கருவியும் பங்கேற்பாளர்களும் புள்ளியியலும் இல்லாத இலக்கிய மாணவர் இதைத் தொடக்கூடாது. கோனின் சொற்களை மட்டும் கடன் வாங்கி ஒரு கதைக்கு ஒட்டிவிடுவது ஆய்வாகாது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, நான்கு வழிகளிலும் அதிகப் படங்கள் தேவைப்படுவது இதற்குத்தான். அனுமதி கிடைக்காவிட்டால் வாதமே நொண்டியாகிவிடும். இரண்டாவது, எண்ணும் ஆசை. ஒரு நூலில் எத்தனை தாவல், எந்த வகை என்று அட்டவணை போட்டுவிட்டு அதையே முடிவாக எழுதிவிடுகிறார்கள். எண்ணிக்கை தொடக்கம் மட்டுமே. ‘ஆகவே என்ன?’ என்ற கேள்விக்கு அந்த அட்டவணை பதில் சொல்லாது.

கையில் ஒன்றிரண்டு நூல்கள், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காலம், பயணத்துக்கு வழியில்லை என்ற நிலையில் இருப்பவருக்கு இதுவே சிறந்த வழி. மொழியியல், இலக்கியம், வடிவமைப்பு படித்தவர்களுக்கு நெறியாளரும் எளிதில் கிடைப்பார்.

## வரலாற்று ஆய்வு

என் மனம் சாய்வது இந்த வழியின் பக்கம். அதனாலேயே இதன் முள்ளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய கதையில் ஒரு குறிப்பிட்ட மஞ்சள் நிறம் திரும்பத் திரும்ப வருவதைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். பயம் வரும் இடத்தில் எல்லாம் அந்த மஞ்சள், அழகான வாதம். பிறகு ஒரு சேகரிப்பாளர் வீட்டில் மூல இதழைப் பார்த்தேன். அங்கே அந்த நிறமே இல்லை, மங்கிய சாம்பல். நான் படித்தது பிற்காலத்தில் கணினியில் புதிதாக வண்ணமிட்ட மறுபதிப்பு. முன்னுரையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பன்னிரண்டு பக்கமும் போயிற்று. காமிக்ஸ் வரலாற்றில் ‘நூலைப் படித்தேன்’ என்று சொன்னால் எந்தப் பதிப்பை என்று கேட்காமல் நான் இப்போது விடுவதில்லை. ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்த பதிப்பாசிரியர்களின் பொறுமை இங்கே அப்படியே வேண்டும். வண்ணத்திலும் பாடபேதம் உண்டு.

‘மாஸ்டர் ரேஸ்’ இந்த வழியில் வேறு முகம் காட்டுகிறது. கதை ஆறு பக்கத்துக்குத்தான் எழுதப்பட்டது. அது போதாது என்று க்ரிக்ஸ்டீன் கூடுதல் பக்கம் கேட்டுப் போராடினார், எட்டு கிடைத்தது. இதழை வெளியிட்ட நிறுவனத்தில் வசனத்தை முன்பே பலகையில் பொறித்துத்தான் ஓவியரிடம் தருவார்கள். அவர் அந்தப் பலகையை வெட்டிப் பிரித்துக் கட்டங்களைப் புதிதாக அடுக்கினார். உருவ ஆய்வாளர் வியந்து பார்த்த அந்த ஒடுங்கிய கட்டங்கள், ஓர் ஓவியர் தன் முதலாளிகளோடு இடத்துக்காக நடத்திய இழுபறியின் தடம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பக்கத்தைப் பழையபடி பார்க்க முடிவதில்லை.

வரலாற்று ஆய்வின் வலிமைக்கு இன்னொரு சான்று. ஃப்ரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர் 1954இல் எழுதிய நூல், காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று குற்றம் சாட்டியது. அதே ஆண்டில் அமெரிக்க செனட்டின் துணைக்குழு விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் தாங்களே ஒரு தணிக்கை விதியை உருவாக்கிக்கொண்டார்கள். வெர்தமின் வாதம் தவறு என்று பலர் பல ஆண்டுகள் கருத்து அளவில் மறுத்தார்கள். 2010இல் அவருடைய ஆவணங்கள் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்தில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. கேரல் டில்லி என்ற நூலகவியல் பேராசிரியர் அங்கே அமர்ந்து, நூலில் அச்சானதையும் வெர்தமின் சொந்தக் குறிப்புகளையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார். ஒரே சிறுவனின் கூற்று பலருடையதாகப் பிரிக்கப்பட்டிருந்தது; பலரின் கூற்றுகள் ஒன்றாக்கப்பட்டிருந்தன; மாற்றுக் காரணங்கள் விடப்பட்டிருந்தன. 2012இல் அவர் அதை வெளியிட்டார். பெட்டிகளைத் திறந்து பார்த்த ஒருவர், அறுபது ஆண்டுக் கால வாதத்தை மாற்றிவிட்டார்.

தொடக்கம் எது என்ற சண்டையிலும் இந்த வழி பயன்படும். 1890களின் அமெரிக்க நாளிதழ்களில் வந்த ‘மஞ்சள் பையன்’தான் தொடக்கம் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். ஆனால் ஜெனீவாவில் பள்ளி நடத்திய ரோடால்ஃப் டோப்ஃபர் தம் முதல் படக்கதையை 1827இலேயே வரைந்துவிட்டார். அது நண்பர்களிடையே கைப்பிரதியாகச் சுற்றியது, 1837இல்தான் அச்சேறியது. அவருடைய கைப்பிரதிகளைப் பார்த்து ரசித்தவர்களில் கவிஞர் கோதேவும் ஒருவர். டேவிட் குன்ஸில் 1973இல் வெளியிட்ட பெருநூல் இன்னும் பின்னால் போய், பதினைந்தாம் நூற்றாண்டு அச்சுப் படங்களிலிருந்து தொடங்கியது. ‘முதல் காமிக்ஸ்’ என்ற சொல்லுக்கு முன், காமிக்ஸ் என்றால் என்ன என்று வரையறுத்தாக வேண்டும் என்பதை இந்த மூன்று தொடக்கங்களும் காட்டிவிடுகின்றன.

மறைமுகச் செலவுகள் இந்த வழியில்தான் கனமானவை. பயணம். மொழி. மாதக்கணக்கில் தேடி ஒன்றும் கிடைக்காமல் திரும்புவது. நூலகங்கள் பழைய நாளிதழ்களைக் கறுப்பு வெள்ளை மைக்ரோஃபிலிமாக மாற்றிவிட்டு மூலத்தைக் கழித்துக்கட்டியதால் வண்ணப் பக்கங்கள் ஏராளமாக அழிந்தன. பில் பிளாக்பியர்ட் என்ற தனிமனிதர் அப்படிக் கழிக்கப்பட்டவற்றை வீட்டில் சேர்த்தார். 1998இல் அந்தத் தொகுப்பு ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேலிச்சித்திர நூலகத்துக்கு வந்தபோது எடை சுமார் 75 டன். அவர் சேர்த்திராவிட்டால் இன்று எழுதப்படும் வரலாற்றில் பாதிக்குச் சான்று இருந்திருக்காது. இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: சேகரிப்பவர் விரும்பியதுதான் மிஞ்சுகிறது. மிஞ்சியதை வைத்து ‘அக்காலத்தில் எல்லோரும் இதைத்தான் படித்தார்கள்’ என்று எழுதிவிடக் கூடாது.

மூன்று ஆண்டாவது கையில் உள்ளவர், ஏதாவது ஒரு காப்பகத்துக்கோ சேகரிப்பாளரிடமோ உண்மையாகவே போய் அமர முடிந்தவர், தூசிக்குச் சலிக்காதவர் இதை எடுக்கலாம். ஆய்வே நடக்காத வட்டார மொழிக் காமிக்ஸ்களுக்கு இதுதான் முதல் தேவை. பட்டியல் இல்லாத இடத்தில் கோட்பாடு எழுதி என்ன பயன்?

## சமூக ஆய்வு

யார் வெளியிட்டார்கள், யார் படித்தார்கள், எந்தக் கருத்து யாருக்குச் சாதகமாக உள்ளே போயிற்று என்ற கேள்விகள் இங்கே. ‘மாஸ்டர் ரேஸ்’ வந்த ‘இம்பாக்ட்’ ஐந்து இதழோடு நின்றுவிட்டது. அதை வெளியிட்ட நிறுவனத்தில் 1956க்குள் ‘மேட்’ என்ற நகைச்சுவை இதழ் தவிர மற்றவை எல்லாம் மூடப்பட்டன. இன்று பாடநூலில் இருக்கும் கதை அன்று கடையில் ஏன் விலைபோகவில்லை என்பதற்கு அந்த எட்டுப் பக்கத்துக்குள் விடை இல்லை. விநியோகம், தணிக்கை முத்திரை, பெற்றோரின் அச்சம் என்று வெளியே போய்த்தான் தேட வேண்டும்.

இந்த வழியின் பெயர்பெற்ற நூல், ஏரியல் டோர்ஃப்மனும் அர்மான் மத்தலாரும் 1971இல் சிலி நாட்டில் டொனால்ட் டக் கதைகளைப் பற்றி எழுதியது. பொழுதுபோக்குக் கதைக்குள் ஏகாதிபத்தியப் பார்வை எப்படி ஒளிந்திருக்கிறது என்று வாதிட்டது. 1973 இராணுவப் புரட்சிக்குப் பிறகு சிலியில் அதன் பிரதிகள் எரிக்கப்பட்டன. 1975இல் ஆங்கில மொழிபெயர்ப்பு அமெரிக்காவுக்கு வந்தபோது, டிஸ்னி படங்களின் பதிப்புரிமையைக் காரணம் காட்டிச் சுங்கத் துறை அதைத் தடுத்து வைத்தது, பிறகு விடுவித்தது. படத்தைக் காட்டாமல் படத்தை விமர்சிக்க முடியாது என்ற நம் துறையின் அடிப்படைப் பிரச்சினை அங்கேயே வெளிப்பட்டது.

நூலின் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது. இந்த வழியில் வருபவர்கள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆசிரியர்கள் படித்தது ஸ்பானிய மொழிபெயர்ப்பை. ஒரு வசனத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும்போது, அதை எழுதியவர் மூல ஆசிரியரா மொழிபெயர்ப்பாளரா என்று பார்த்தாக வேண்டும். படித்த குழந்தைகள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டும் பார்க்க வேண்டும்; நூல் கேட்கவில்லை.

கேட்கப் போனால் செலவு தொடங்குகிறது. நேர்காணலுக்கு ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பங்கேற்பவர்கள் சிறுவர்கள் என்றால் பெற்றோர் ஒப்புதலும் சேரும். பதிவுகளை எழுத்தாக்கும் உழைப்பை யாரும் முன்கூட்டிக் கணக்கிடுவதில்லை; ஒரு மணி நேரப் பேச்சு ஒரு முழு நாளை விழுங்கும். இன்னொன்று: இந்த வழியில் காமிக்ஸ் வெறும் சான்றாகச் சுருங்கும் ஆபத்து எப்போதும் உண்டு. அதே வாதத்தை ஒரு விளம்பரத்தையோ தொலைக்காட்சித் தொடரையோ வைத்தும் எழுதியிருக்கலாம் என்று தோன்றினால், எங்கோ தவறிவிட்டீர்கள்.

சமூகவியல், ஊடகவியல், கல்வியியல் துறைகளில் இருப்பவர்களுக்கு நெறியாளரும் வழிமுறையும் தயாராக இருக்கும். படங்கள் குறைவாகவே தேவை என்பதால் அனுமதித் தொல்லையும் குறைவு.

## வரைந்து அறியும் ஆய்வு

நிக் சூசானிஸ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் தம் முனைவர் ஆய்வேட்டைக் காமிக்ஸாகவே வரைந்து சமர்ப்பித்தார். 2015இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை நூலாக்கியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் காமிக்ஸ் ஓவியர் லிண்டா பேரி, வரைவதைச் சிறுவயதிலேயே நிறுத்திவிட்டவர்களையும் வகுப்பில் வரைய வைக்கிறார். கைக்கு வராத கோட்டிலும் சிந்தனை நடக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை.

இந்த வழிக்கு ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ‘மாஸ்டர் ரேஸ்’ கதையின் எட்டுப் பக்கத்தை ஆறாகச் சுருக்கி, குச்சி மனிதர்களாக வரையுங்கள். எதை வெட்டுவீர்கள்? கதை நகரத் தேவையில்லாதவை என்று முதலில் போகப்போவது அந்த விழும் கட்டங்கள்தான். வெட்டியதும் கதை முழுதாக இருக்கும். ஆனால் அந்த மனிதர் விழ மாட்டார், விழுந்ததாகத் தகவல் மட்டும் வரும். முப்பது பக்கக் கட்டுரை சொல்லக்கூடியதைக் கை ஒரு மாலை நேரத்தில் சொல்லிவிடும்.

செலவு வெளிப்படையானது: நேரம் பல மடங்கு, ஒத்துக்கொள்ளும் நெறியாளர் அரிது, வாய்மொழித் தேர்வில் ‘இதில் ஆய்வு எங்கே?’ என்ற கேள்வி நிச்சயம். பல நிறுவனங்கள் வரைந்ததோடு எழுத்து விளக்கம் ஒன்றையும் கேட்கும். ஆக, இரண்டு ஆய்வேடு. பக்க அளவு, ஓரம், எழுத்துரு பற்றிய விதிகள்கூடத் தடையாகும். பதிவுசெய்யும் முன்பே இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே வரைபவருக்கும், கற்பித்தலை ஆராய்பவருக்கும் மட்டுமே இதை முழு வழியாகப் பரிந்துரைப்பேன். துணை வழியாக எல்லோருக்கும்.

## ஒரே பார்வையில்

| | உருவம் | வரலாறு | சமூகம் | வரைதல் |
|---|---|---|---|---|
| மையக் கேள்வி | எப்படி வேலை செய்கிறது? | எப்படி வந்தது? | யாருக்கு, என்ன செய்தது? | செய்யும்போது என்ன தெரிகிறது? |
| வேண்டிய பொருள் | ஓரிரு நூல்கள், நல்ல பதிப்பில் | மூல இதழ், கடிதம், அசல் பலகை | வாசகர், விற்பனைத் தடம், சட்டம் | தாள், மை, நேரம் |
| குறைந்தபட்சக் காலம் | ஆறு மாதம் | மூன்று ஆண்டு | ஓராண்டுக்கு மேல் | மூன்று ஆண்டுக்கு மேல் |
| பட அனுமதித் தொல்லை | மிக அதிகம் | அதிகம் | குறைவு | பிறர் படம் இல்லையேல் இல்லை |
| எதிர்பாராத செலவு | வெற்று அட்டவணை | வெறுங்கையோடு திரும்புவது | நேர்காணலை எழுத்தாக்குவது | இரட்டை ஆய்வேடு |

## இன்னும் முடிவுக்கு வராதவர்களுக்கு

உங்களுக்குப் பிடித்த ஒரு நூலிலிருந்து ஒரே ஒரு பக்கத்தை எடுங்கள். கோட்பாட்டு நூல்கள் அனைத்தையும் மூடி வையுங்கள். இரண்டு மணி நேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்து, தோன்றுவதை எல்லாம் எழுதுங்கள். அடுத்த நாள் படித்துப் பாருங்கள். கண், கட்டத்தின் விளிம்பு, கோட்டின் தடிமன், குமிழின் இடம் என்று போயிருந்தால் உங்கள் வழி உருவம். ‘இதை எந்தத் தாளில் அச்சிட்டார்கள், யார் வண்ணமிட்டார்கள்?’ என்று கேட்டிருந்தால் வரலாறு. ‘இந்தப் பாத்திரம் ஏன் எப்போதும் வேலைக்காரராகவே வருகிறார்?’ என்று எழுதியிருந்தால் சமூகம். ஓரத்தில் படம் வரைந்து வைத்திருந்தால் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டைச் சேர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். சேர்க்கலாம், ஒன்று முதன்மையாகவும் மற்றது ஓர் இயலாகவும் இருக்கட்டும். உருவமும் வரலாறும் நன்றாக ஒட்டும். க்ரிக்ஸ்டீனின் வெட்டிய பலகையே சான்று. உருவத்தோடு ஆய்வகச் சோதனையையும் வாசகர் நேர்காணலையும் ஒரே ஆய்வேட்டில் அடைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மூன்றும் அரைகுறையாகவே முடியும்.

தலைப்பு உறுதியான வாரத்திலேயே இரண்டு கடிதங்கள் போக வேண்டும். ஒன்று பட உரிமையாளருக்கு: எந்தப் பதிப்பின் எந்தப் பக்கம், எத்தனை படம், ஆய்வேட்டுக்கா நூலுக்கா என்று தெளிவாக. மற்றொன்று மறுபதிப்பை வெளியிட்டவருக்கு: வண்ணம் மூலத்தில் உள்ளதா, புதிதாக இடப்பட்டதா என்று. பதில் வர மாதங்கள் ஆகலாம். அந்தப் பதில் வரும் வரை நிறத்தைப் பற்றி ஒரு பத்திகூட எழுத வேண்டாம்.